நியூட்ரல் வழி மாறும்போது: வீட்டு வயரிங் பிழைகளும் காந்தப்புலமும்

வீட்டுக்குள் காந்தப்புலம் அதிகமாக இருக்கிறதோ என்ற சந்தேகம் எழுந்தால், பழி முதலில் தெருமுனை டிரான்ஸ்பார்மர் மீது விழுகிறது. அடுத்து, மொட்டை மாடியிலிருந்து கண்ணில் படும் செல்போன் கோபுரம் குற்றவாளியாகிறது. பிறகு ஃபிரிட்ஜ், வைஃபை பெட்டி, மைக்ரோவேவ் அடுப்பு என்று பட்டியல் நீள்கிறது. சுவருக்குள்ளும் கூரைத் தளத்துக்குள்ளும் பதிந்து கிடக்கும் வயரிங்கின் பக்கம் மட்டும் பார்வை திரும்புவதில்லை. படுக்கையறை முழுவதும் பரவி, மணிக்கணக்கில் நீடிக்கும் காந்தப்புலம் ஒரு வீட்டில் இருக்குமானால், அதற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, தவறான இடத்தில் இணைக்கப்பட்ட நியூட்ரல் வயர்.

இந்தப் பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்தால் காந்தப்புலம் குறையும். அதைவிடப் பெரிய பயன், மின்னதிர்ச்சிக்கும் தீ விபத்துக்கும் இடம்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு கோளாறு வெளியே தெரியவரும் என்பதுதான். காந்தப்புலத்தை ஒரு நோயாகப் பார்ப்பதைவிட, வயரிங்கில் உள்ள நோயைக் காட்டும் அறிகுறியாகப் பார்ப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து. இக்கட்டுரையைப் படிக்க மின்பணி தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஃபேஸ், நியூட்ரல், எர்த் என்று மூன்று வயர்கள் உண்டு என்ற அளவு தெரிந்தால் போதும்.

மின்புலம் வேறு, காந்தப்புலம் வேறு

ஒரு வயரில் மின்னழுத்தம் இருந்தாலே அதைச் சுற்றி மின்புலம் இருக்கும். விளக்கு அணைந்திருக்கும்போதும் சுவிட்ச் வரை வரும் ஃபேஸ் வயரில் 230 வோல்ட் நின்றுகொண்டிருப்பதால்தான், அங்கே டெஸ்டரை வைத்தால் அது எரிகிறது. காந்தப்புலம் உண்டாவதற்கு மின்னழுத்தம் மட்டும் போதாது. வயரில் மின்னோட்டம் பாய வேண்டும். 1820இல் கோபன்ஹேகன் நகரில் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் என்ற அறிஞர், மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகில் திசைகாட்டி முள் திரும்புவதைக் கண்டு வெளியிட்டது இந்த உண்மையைத்தான். ஓட்டம் நின்றால் புலமும் நின்றுவிடும். ஆகவே, எந்தச் சாதனமும் ஓடாத நேரத்தில் வீட்டை அளந்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று முடிவு செய்வது தவறு.

இன்னொரு வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். மின்புலத்தைச் செங்கல் சுவரே பெருமளவு தடுத்துவிடும். காந்தப்புலமோ சுவர், கான்கிரீட், மரக்கதவு, மனித உடல் ஆகிய எல்லாவற்றையும் ஏறக்குறையக் குறைவின்றிக் கடந்துசெல்லும். செல்போனிலும் மீட்டர் பெட்டியிலும் ஒட்டிக்கொள்ளச் சொல்லி விற்கப்படும் வில்லைகளால் இதில் எந்த மாற்றமும் நிகழாது. அந்தப் பணத்தில் ஒரு நல்ல வயர்மேனை அரை நாள் அழைத்து வேலை வாங்கலாம்.

செல்போன் கோபுரத்தையும் வீட்டு மின்சாரத்தையும் ‘கதிர்வீச்சு’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதும் குழப்பத்தை வளர்க்கிறது. நம் வீட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சிகள் என்ற கணக்கில் முன்னும் பின்னுமாகத் திசை மாறுகிறது. கோபுரத்திலிருந்து வரும் அலைகளோ நொடிக்குப் பல கோடிச் சுழற்சிகள் கொண்டவை. ஒன்றை அளக்கும் கருவி மற்றொன்றை அளக்காது. ஒன்றுக்கான பரிகாரம் மற்றொன்றுக்கு உதவாது.

காந்தப்புலத்தின் அளவை மைக்ரோடெஸ்லா என்ற அலகில் சொல்வார்கள். கடையில் கிடைக்கும் பல கருவிகள் மில்லிகாஸ் என்ற அலகில் காட்டும். 10 மில்லிகாஸ் சேர்ந்தது 1 மைக்ரோடெஸ்லா. சாதனங்களிலிருந்து விலகிய இடங்களில், ஒழுங்கான வயரிங் உள்ள வீட்டில், அளவு பொதுவாக 0.1 மைக்ரோடெஸ்லா அல்லது அதற்கும் கீழே இருக்கும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் காந்தப்புலச் செயலியைத் திறந்துபார்த்து, ‘40 மைக்ரோடெஸ்லா காட்டுகிறதே’ என்று கலங்குகிறவர்கள் உண்டு. அது பூமியின் சொந்தக் காந்தப்புலம். தமிழ்நாட்டில் அதன் அளவு சுமார் 40 மைக்ரோடெஸ்லா. திசை மாறாமல் நிலையாக நிற்கும் அந்தப் புலத்தை வைத்துத்தான் செல்போன் வடதிசையைக் காட்டுகிறது. அந்த வேலைக்காகச் செய்யப்பட்ட உணரியைக் கொண்டு நொடிக்கு 50 முறை மாறும் புலத்தை நம்பகமாக அளக்க முடியாது. இந்த வேலைக்கு மாறுமின்னோட்டப் புலத்தை அளக்கும் காஸ்மீட்டர் தேவை.

சுருங்கச் சொன்னால், நாம் தேடுவது மின்னோட்டம் ஓடும்போது மட்டும் தோன்றி, சுவரைக் கடந்து வரும் 50 சுழற்சிக் காந்தப்புலத்தை.

எண்ணி அனுப்பியது எண்ணித் திரும்ப வேண்டும்

கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் அனுப்பும் கடையில் அண்டா, குண்டான், கரண்டி எல்லாவற்றையும் எண்ணித்தான் வண்டியில் ஏற்றுவார்கள். திரும்பி வந்ததும் எண்ணித்தான் இறக்குவார்கள். 40 போய் 37 வந்தால், மூன்று பாத்திரங்கள் வேறு வாசல் வழியாக எங்கோ போய்விட்டன என்று பொருள். மின்னோட்டத்துக்கும் இதே கணக்குதான். ஃபேஸ் வயர் வழியாக ஒரு சாதனத்துக்குள் 6 ஆம்பியர் போனால், 6 ஆம்பியரும் திரும்பியாக வேண்டும். மின்னோட்டம் இடையில் காணாமல் போவதில்லை. ஏதோ ஒரு வழியாக அது டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பியே தீரும். அந்த வழி, ஃபேஸ் வயரை ஒட்டிக் கிடக்கும் அதே சுற்றின் நியூட்ரலாக இருக்க வேண்டும் என்பதுதான் வயரிங்கின் அடிப்படை ஒழுங்கு. சுற்று என்று இங்கே சொல்வது, வீட்டு மின்சாரத்தைப் பிரித்தனுப்பும் டிபி பெட்டியில் உள்ள ஒரு எம்சிபியிலிருந்து (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்சிலிருந்து) புறப்பட்டுச் சில அறைகளுக்கோ ஒரு சாதனத்துக்கோ போய்த் திரும்பும் வயர்த்தொகுதியை.

ஒழுங்கான சுற்றில், எந்தக் கணத்தை எடுத்துக்கொண்டாலும் ஃபேஸில் ஒரு திசையிலும் நியூட்ரலில் எதிர்த்திசையிலும் ஒரே அளவு மின்னோட்டம் பாய்கிறது. இரண்டு வயர்களும் ஒரே குழாயில் ஒட்டிக் கிடப்பதால், ஒன்றின் காந்தப்புலத்தை மற்றொன்றின் காந்தப்புலம் ஏறத்தாழ முழுமையாக அழித்துவிடும். திரும்பும் மின்னோட்டத்தில் ஒரு பகுதி வேறு வழியாகப் போய்விட்டால் இந்தச் சமநிலை கெடுகிறது. ஒரு குழாயில் போகும் மின்னோட்டத்துக்கும் அதே குழாயில் திரும்பும் மின்னோட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நிகர மின்னோட்டம் என்கிறோம். இக்கட்டுரையில் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய கலைச்சொல் ஒன்று உண்டென்றால் அது இதுதான். வயரிங் பிழையால் வரும் காந்தப்புலம் முழுவதும் நிகர மின்னோட்டத்திலிருந்து பிறக்கிறது.

சிறு கணக்கு, பெரிய வித்தியாசம்

நீளமான ஒற்றை வயரில் 1 ஆம்பியர் பாய்ந்தால், 1 மீட்டர் தொலைவில் 0.2 மைக்ரோடெஸ்லா புலம் உண்டாகும். மின்னோட்டம் இரட்டித்தால் புலமும் இரட்டிக்கும். தொலைவு இரட்டித்தால் புலம் பாதியாகும். 10 ஆம்பியர் நிகர மின்னோட்டம் உள்ள வயரிலிருந்து 1 மீட்டரில் 2 மைக்ரோடெஸ்லாவும், 2 மீட்டரில் 1 மைக்ரோடெஸ்லாவும் இருக்கும்.

அதே 10 ஆம்பியர், 5 மில்லிமீட்டர் இடைவெளியில் ஒட்டிக் கிடக்கும் ஃபேஸ், நியூட்ரல் இரண்டிலும் சமமாகப் போய்த் திரும்பினால், 1 மீட்டர் தொலைவில் மிஞ்சுவது சுமார் 0.01 மைக்ரோடெஸ்லா மட்டுமே. இருநூறு மடங்கு குறைவு. இந்தப் புலம் தொலைவு கூடும்போது இன்னும் வேகமாகக் குறையும். தொலைவு இரட்டித்தால் நான்கில் ஒன்றாகிவிடும். மிக்ஸி, அடாப்டர், ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் போன்ற சிறு பொருள்களின் புலம் அதைவிடவும் வேகமாக மறையும். அடாப்டரைத் தொட்டு வைத்தால் காஸ்மீட்டர் மிரட்டும் எண்ணைக் காட்டும். ஒரு மீட்டர் விலகினால் சொல்லும்படி எதுவும் இருக்காது.

பிழையை அடையாளம் காண்பதற்கான முதல் தடயம் இங்கே இருக்கிறது. விலக விலகச் சட்டென்று மறையும் புலம் சாதனத்திலிருந்து வருகிறது. அறைக்குள் எங்கே நடந்தாலும் மெதுவாக மட்டுமே மாறும் புலம் நிகர மின்னோட்டத்திலிருந்து வருகிறது.

பிழைகள் எங்கே பிறக்கின்றன

மிகப் பரவலான பிழை, இரண்டு சுற்றுகளின் நியூட்ரல்களை ஏதோ ஒரு பெட்டிக்குள் சேர்த்துவிடுவது. சுவிட்ச் பாக்ஸிலோ ஜங்ஷன் பாக்ஸிலோ பல கருப்பு வயர்கள் வந்து நிற்கும். எல்லாம் நியூட்ரல்தானே, எல்லாம் கடைசியில் டிபியில் நியூட்ரல்கள் கூடும் பட்டையான ஒரே நியூட்ரல் லிங்க்கில்தானே சேரப்போகிறது என்று எண்ணி, அவற்றை ஒன்றாக முறுக்கி டேப் சுற்றிவிடுவார்கள். விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், யாருக்கும் குறை தெரியாது. ஆனால் மின்னோட்டம் திரும்புவதற்கு இப்போது இரண்டு வழிகள் கிடைத்துவிட்டன. தடை குறைந்த வழியில் அதிகமாகவும் தடை கூடிய வழியில் குறைவாகவும் அது பிரிந்து ஓடும்.

ஓர் எடுத்துக்காட்டு: படுக்கையறை ஏசி 6 ஆம்பியர் எடுக்கிறது. அதன் நியூட்ரல், ஹாலுக்குப் போகும் சுற்றின் நியூட்ரலோடு ஒரு பெட்டியில் சேர்ந்திருக்கிறது. 3 ஆம்பியர் தன் வழியிலும் 3 ஆம்பியர் ஹால் வழியிலும் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏசியின் குழாயில் போவது 6, திரும்புவது 3. நிகரம் 3 ஆம்பியர். ஹாலின் குழாயில் போவது எதுவும் இல்லை, திரும்புவது மட்டும் 3. இரண்டு குழாய்களும் 3 மீட்டர் இடைவெளியில் இணையாக ஓடினால், அதே மட்டத்தில் நடுவில் இருப்பவருக்கு ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் 0.4 மைக்ரோடெஸ்லா வந்துசேரும். போகும் வழியும் திரும்பும் வழியும் சேர்ந்து உண்டாக்கும் வளையத்துக்கு உள்ளே இரண்டு புலங்களும் ஒரே திசையில் கூடுவதால் மொத்தம் 0.8 ஆகும். ஏசி ஓடும் இரவு முழுவதும் இது நீடிக்கும்.

தமிழ்நாட்டு வீடுகளில் வயர்க்குழாய்களைக் கூரைத் தளத்துக் கம்பிகளோடு கட்டிக் கான்கிரீட் போடுவதுதான் வழக்கம். கீழ்த்தளத்து விளக்குக்கும் ஃபேனுக்கும் போகும் வயர்கள், மேல்தளத்தில் படுத்திருப்பவரின் கட்டிலுக்கு அரை மீட்டர் கீழே ஓடுகின்றன. கீழ்வீட்டுப் பிழையின் புலம் மேல்வீட்டில்தான் அதிகமாகத் தெரிவதற்கு இதுவே காரணம்.

படிக்கட்டு விளக்கு இரண்டாவது இடம். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச் என்று இரண்டு இடங்களிலிருந்து இயக்கும் டூவே இணைப்பில், கீழ்த்தளச் சுற்றிலிருந்து ஃபேஸை எடுத்து, கைக்கு எட்டிய மேல்தளச் சுற்றின் நியூட்ரலில் முடித்துவிடுவார்கள். போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறொன்று என்று ஆகி, படிக்கட்டைச் சுற்றி ஒரு வளையமே உருவாகிறது. இந்தப் பிழையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் அதன் அளவைச் சொல்வதில்லை. 9 வாட் எல்இடி விளக்கு எடுக்கும் மின்னோட்டம் 0.04 ஆம்பியர் அளவுதான்; அதனால் உண்டாகும் புலம் பொருட்படுத்தத் தக்கதன்று. படிக்கட்டுப் பெட்டியில் இரண்டு தளங்களின் நியூட்ரல்களையும் சேர்த்தே முறுக்கியிருந்தால்தான் நிலைமை மோசமாகிறது. அப்போது வீட்டின் எல்லாச் சாதனங்களின் மின்னோட்டமும் அந்த வளையத்தில் பங்கு போட்டுக்கொள்ளும்.

மூன்றாவது பிழை உயிருக்கே ஆபத்தானது. ஏதோ ஓர் இடத்தில் நியூட்ரல் அறுந்துபோனால், சுவரை உடைத்துச் சரிசெய்வதற்குப் பதிலாக எர்த் வயரையே நியூட்ரலாகப் பயன்படுத்திவிடுவது. எர்த் வயர் என்பது, ஃபிரிட்ஜ், கிரைண்டர் போன்றவற்றின் உலோக உடலில் தற்செயலாக மின்சாரம் பாய்ந்தால் அதை மண்ணுக்குக் கொண்டுசெல்வதற்காகக் காத்திருக்கும் பாதுகாப்பு வழி. அதில் சாதாரண நேரத்தில் மின்னோட்டம் ஓடவே கூடாது. எர்த் குழியின் தடை 20 ஓம், அதன் வழியாக ஓடுவது 3 ஆம்பியர் என்றால், அந்த எர்த்தோடு இணைந்த எல்லா உலோக உடல்களிலும் 60 வோல்ட் நிற்கும். கோடையில் குழி காய்ந்து தடை கூடினாலோ, எர்த் வயர் துருப்பிடித்து அறுந்தாலோ, கிட்டத்தட்ட முழு 230 வோல்ட்டும் ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு வந்துவிடும். மின்னோட்டம் மண் வழியாக டிரான்ஸ்பார்மருக்குத் திரும்புவதால் ஃபேஸின் புலத்தை அழிக்க அருகில் எதுவும் இருக்காது. இப்படிப்பட்ட வீட்டில் காஸ்மீட்டர் உயர்ந்த எண்ணைக் காட்டினால், அந்த எண்ணைவிட எர்த் வயரைப் பற்றித்தான் முதலில் கவலைப்பட வேண்டும்.

இன்வெர்ட்டர் நம் ஊருக்கே உரிய நான்காவது காரணம். இன்வெர்ட்டரிலிருந்து ஒற்றை ஃபேஸ் வயரை மட்டும் தனியாக இழுத்து, ஃபேன்களுக்கும் விளக்குகளுக்கும் கொடுத்துவிட்டு, நியூட்ரலைப் பழைய பொது நியூட்ரலிலேயே விட்டுவிடுவது பரவலான பழக்கம். அந்த ஒற்றை வயர், இன்வெர்ட்டரின் பிளக் பாயிண்டுக்குப் போகும் குழாயிலேயே திரும்பினால் தீங்கு குறைவு. வேறு பாதையில், சுவருக்கு மேலே பட்டியடித்துக் கொண்டுபோனால், இரண்டு பாதைகளுக்கும் இடைப்பட்ட பகுதி முழுவதும் வளையமாகிவிடும்.

அமெரிக்காவில் இதே கோளாறு வேறு வடிவில் வரும். அங்கே வீட்டின் நியூட்ரல், முதன்மைப் பெட்டியில் உலோகக் குடிநீர்க் குழாயோடு இணைக்கப்படுவதால், ஒரு வீட்டின் மின்னோட்டம் குழாய் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போய் அங்கிருந்து திரும்பக்கூடும். அந்த நாட்டு வழிகாட்டிகளைப் படிப்பவர்கள் தண்ணீர்க் குழாயையே தேடிக்கொண்டிருப்பார்கள். பிவிசி குழாய் போட்ட நம் வீடுகளில் தேட வேண்டிய இடம் எர்த் வயரும் நியூட்ரல் முடிச்சுகளும்தான்.

இந்தப் பகுதியின் சாரம்: இரண்டு நியூட்ரல்கள் சேர்வது, நியூட்ரலும் எர்த்தும் சேர்வது, ஃபேஸும் நியூட்ரலும் தனித்தனிப் பாதையில் போவது ஆகிய மூன்றுமே நிகர மின்னோட்டத்தை உண்டாக்குகின்றன.

அடிக்கடி விழும் ஆர்சிசிபி சொல்லும் சேதி

ஆர்சிசிபி என்பது பாத்திரக் கடைக்காரரைப் போல எண்ணிப் பார்க்கும் பாதுகாப்புக் கருவி. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் வந்ததும் சமமா என்று அது இடைவிடாமல் ஒப்பிடுகிறது. வித்தியாசம் அதன் வரம்பை எட்டினால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். மனித உயிரைக் காக்கப் பொருத்தப்படும் கருவியில் அந்த வரம்பு 30 மில்லியாம்பியர். அது அளப்பது வேறெதையும் இல்லை, நாம் மேலே கண்ட அதே நிகர மின்னோட்டத்தைத்தான்.

பழைய வீட்டில் புதிதாக ஆர்சிசிபி பொருத்தினால் அது உடனே விழுவதும், ‘இந்த வீட்டுக்கு இது ஒத்துவராது’ என்று சொல்லி அதைக் கழற்றிவிடுவதும் அல்லது நேரடியாகச் சேர்த்துவிடுவதும் எத்தனையோ வீடுகளில் நடக்கின்றன. எனக்கு இது மிகுந்த வேதனை தரும் பழக்கம். நியூட்ரல் எங்கோ எர்த்தைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, அல்லது ஆர்சிசிபிக்குப் பின்னால் உள்ள நியூட்ரல் அதைச் சேராத வேறொரு சுற்றின் நியூட்ரலோடு சேர்ந்திருக்கிறது என்பதைத்தான் அந்தக் கருவி சொன்னது. உண்மையைச் சொன்ன கருவியைக் கழற்றிவிட்டு, பிழையைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடுகிறோம். ஒரு வீட்டில் ஆர்சிசிபி கழற்றப்பட்டிருக்கிறது என்று தெரிந்தால், காஸ்மீட்டரை எடுப்பதற்கு முன்பே அங்கே நிகர மின்னோட்டம் இருக்கக்கூடும் என்று ஊகிக்கலாம்.

வீட்டுக்காரர் தாமே பார்க்கக்கூடியவை

டிபி பெட்டியைத் திறக்காமல், சுவிட்சுகளையும் எம்சிபிகளையும் இயக்கியே பெரும்பகுதி உண்மையைக் கண்டறியலாம். மூன்று திசைகளையும் ஒருங்கே அளக்கும் காஸ்மீட்டர் வசதியானது. ஒரே திசையை அளக்கும் கருவி என்றால், ஒவ்வோர் இடத்திலும் அதை மூன்று வாட்டங்களில் திருப்பி, கிடைக்கும் பெரிய எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டின் வரைபடத்தை ஒரு தாளில் கிறுக்கிக்கொண்டு, ஒவ்வோர் அறையின் நடுவிலும் கட்டில்களின் மீதும் அளவெடுக்கலாம். மாலை ஏழு மணிக்கு மேல், வீட்டின் வழக்கமான சாதனங்கள் ஓடும்போது எடுப்பது நல்லது.

அடுத்து மெயினை அணைத்து, உயர்ந்த எண் காட்டிய இடங்களில் மீண்டும் அளக்க வேண்டும். எண் சரிந்து விழுந்தால் காரணம் வீட்டுக்குள் இருக்கிறது. மாறாமல் நின்றால், தெருவில் ஓடும் லைன், நிலத்தடிக் கேபிள், மேல்வீடு, கீழ்வீடு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. சில பழைய வீடுகளில் மெயின், ஃபேஸை மட்டும் துண்டிக்கும்; நியூட்ரல் கம்பத்தோடு இணைந்தே இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் நியூட்ரல் எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தால், தெருவில் உள்ள மற்ற வீடுகளின் திரும்பு மின்னோட்டத்தில் ஒரு பகுதி, இருட்டில் கிடக்கும் இந்த வீட்டின் வழியாக இதன் எர்த் குழிக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். மெயினை அணைத்தும் எர்த் வயரின் பாதையில் புலம் தெரிந்தால் இதைச் சந்தேகிக்க வேண்டும்.

காரணம் உள்ளே என்று தெரிந்தபின், ஒரே ஒரு சுற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எம்சிபிகளை அணைத்துவிடலாம். அந்தச் சுற்றில் 1000 வாட் அயர்ன் பாக்ஸ் ஒன்றை, அதன் தாங்கியில் பத்திரமாக நிறுத்தி இயக்கினால், சுமார் 4.3 ஆம்பியர் ஓடும். இப்போது அயர்ன் பாக்ஸ் இருக்கும் அறையை விட்டுவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத அறைகளில் நடந்து அளக்க வேண்டும். ஒழுங்கான வயரிங்கில் அங்கே எதுவும் தெரியக் கூடாது. அயர்ன் பாக்ஸில் உள்ள சிறு விளக்கு அணைந்து எரிவதற்கு ஏற்ப, இரண்டு அறைகள் தள்ளி நிற்கும் காஸ்மீட்டரின் எண்ணும் இறங்கி ஏறினால், அந்த மின்னோட்டம் தனக்குரிய வழியை விட்டு அங்கே வந்து போகிறது என்பது உறுதியாகிவிடும். எம்சிபி அணைக்கப்பட்ட சுற்றின் பாதையில் எப்படிப் புலம் வரும் என்று வியக்க வேண்டியதில்லை. நம் வீடுகளில் பெரும்பாலும் எம்சிபி ஃபேஸை மட்டுமே துண்டிக்கிறது. அந்தச் சுற்றின் நியூட்ரல் லிங்க்கோடு இணைந்தே இருப்பதால், திரும்பும் மின்னோட்டத்துக்கு அது திறந்த பாதையாகவே இருக்கிறது.

இப்படி ஒவ்வொரு சுற்றாக மாற்றி மாற்றிப் பார்த்தால், எந்த இரண்டு சுற்றுகளின் நியூட்ரல்கள் சேர்ந்திருக்கின்றன என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். புலம் எந்தப் பாதையில் உச்சமாக இருக்கிறது என்று சுவரையும் தரையையும் ஒட்டி மீட்டரை நகர்த்தினால், சுவருக்குள் வயர் போகும் வழியையே வரைந்துவிடலாம்.

வயர்மேன் செய்ய வேண்டியவை

இதற்கு மேல் உள்ள வேலை உரிமம் பெற்ற வயர்மேனுக்குரியது. வீட்டுக்காரர் டிபிக்குள் கை வைக்கக் கூடாது. வயர்மேன்கள் டாங் டெஸ்டர் என்று சொல்லும் கிளாம்ப் மீட்டர், வயரைத் துண்டிக்காமல் அதைச் சுற்றிப் பிடித்தே மின்னோட்டத்தை அளக்கும். ஒற்றை வயரைப் பிடித்தால் அதன் மின்னோட்டத்தைக் காட்டும். ஒரு சுற்றின் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துப் பிடித்தால் காட்டுவது நிகர மின்னோட்டம். அது சுழியமாக இருக்க வேண்டும். மும்முனை இணைப்பு உள்ள வீட்டில் மூன்று ஃபேஸ்களையும் நியூட்ரலையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும். எர்த் வயரை மட்டும் பிடித்தால், ஓரிரு மில்லியாம்பியர் கசிவுக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. அங்கே ஆம்பியர் கணக்கில் எண் வந்தால், யாரோ எர்த்தை நியூட்ரலாக்கியிருக்கிறார்கள்.

பிழையான சுற்று தெரிந்தபின், மெயினை அணைத்து, சாதனங்களின் பிளக்குகளைப் பிடுங்கி, விளக்கு, ஃபேன் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு, நியூட்ரல் லிங்க்கிலிருந்து ஒவ்வொரு சுற்றின் நியூட்ரலையும் கழற்ற வேண்டும். கழற்றிய இரண்டு நியூட்ரல்களுக்கிடையே மல்டிமீட்டர் தொடர்பைக் காட்டினால் அவை எங்கோ சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொரு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே காப்பின் தடையை அளக்கும் 500 வோல்ட் மெகர் கருவியால் சோதித்தால் குறைந்தது 1 மெகா ஓம் தடை இருக்க வேண்டும். எண் அதற்குக் கீழே போனால் காப்பு கெட்டிருக்கிறது, சுழியத்தை ஒட்டி வந்தால் இரண்டும் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. அதன்பின் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து முடிச்சைப் பிரிப்பதுதான் பாக்கி. காந்தப்புலம் உச்சம் காட்டிய இடத்தை ஒட்டிய பெட்டியிலிருந்து தொடங்கினால் நேரம் மிச்சமாகும்.

உடல்நலம் பற்றிச் சொல்லக்கூடியது

1979இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் வெர்த்தைமர், லீப்பர் என்ற இருவர், வீட்டருகில் உள்ள மின்கம்பி அமைப்புக்கும் குழந்தைப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதியதிலிருந்து இந்தக் கேள்வி ஆராயப்பட்டு வருகிறது. பல நாட்டு ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, சராசரி அளவு 0.3 முதல் 0.4 மைக்ரோடெஸ்லாவுக்கு மேல் உள்ள வீடுகளில் குழந்தை லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய் சற்றே கூடுதலாகக் காணப்பட்டது. இதன் அடிப்படையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இல் இத்தகைய காந்தப்புலத்தை 2பி பிரிவில், அதாவது புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கலாம் என்ற பிரிவில் வைத்தது. விலங்குச் சோதனைகள் இதை உறுதிப்படுத்தவில்லை. காரணத் தொடர்பு நிறுவப்படவும் இல்லை. நரம்புகளையும் தசைகளையும் உடனடியாகப் பாதிக்கும் விளைவுகளைக் கருதிச் சர்வதேச வழிகாட்டுதல் 2010இல் பொதுமக்களுக்கு வகுத்த வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. வயரிங் பிழையால் அறையில் பரவும் புலம் அதை நெருங்குவதில்லை.

ஆகவே, 0.5 என்ற எண்ணைப் பார்த்துக் குடும்பமே அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. அதே நேரத்தில், எளிதாக நீக்கக்கூடிய ஒன்றைக் குழந்தை தூங்கும் அறையில் விட்டுவைக்கவும் வேண்டியதில்லை. உலக சுகாதார அமைப்பும் 2007இல், புதிதாக வயரிங் செய்யும்போதும் மாற்றும்போதும், பாதுகாப்புக்குக் குறைவில்லாமல், எர்த் வழியாகத் தற்செயலாக ஓடும் மின்னோட்டத்தைக் குறைக்க வயரிங் விதிகளைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துமாறு அறிவுறுத்தியது.

சரிசெய்வதும் வராமல் காப்பதும்

ஒவ்வொரு சுற்றின் நியூட்ரலும் தன் ஃபேஸோடு ஒரே குழாயில் போய், டிபி தவிர வேறெங்கும் மற்ற நியூட்ரலைச் சந்திக்காமல் திரும்ப வேண்டும். படிக்கட்டு விளக்குக்கு ஃபேஸும் நியூட்ரலும் ஒரே சுற்றிலிருந்து வர வேண்டும். இன்வெர்ட்டர் சுற்றுகளுக்குத் தனி நியூட்ரல் லிங்க் வைத்து, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்தே இழுக்க வேண்டும். எர்த்தை நியூட்ரலாக்கிய இடத்தில் புது நியூட்ரல் இழுப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. நியூட்ரலை எர்த் செய்யும் வேலை டிரான்ஸ்பார்மரில் மின்வாரியம் செய்துவிட்ட ஒன்று. நம் வீட்டில் இரண்டையும் எங்கும் இணைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் அதே இடங்களில், அதே அயர்ன் பாக்ஸை வைத்து மீண்டும் அளந்து, பழைய தாளில் புதிய எண்களை எழுதிக்கொள்ளுங்கள். கழற்றி வைத்த ஆர்சிசிபியைத் திரும்பப் பொருத்தும்போது அது விழாமல் நின்றால் வேலை ஒழுங்காக நடந்திருக்கிறது.

புதுவீடு கட்டுகிறவர்களுக்கு இது இன்னும் எளிது. தளம் போடுவதற்கு முதல் நாள் வயர்க்குழாய்களின் பாதையைச் செல்போனில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வயர் இழுக்கும்போது ஒவ்வொரு நியூட்ரலிலும் அதன் சுற்றின் எண்ணை எழுதிய சிறு பட்டையை மாட்டச் சொல்லுங்கள். வயர்மேனுக்குக் கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன், எல்லாச் சுற்றுகளின் சாதனங்களையும் இயக்கி, ஒவ்வொரு சுற்றின் ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து டாங் டெஸ்டரால் பிடித்துக் காட்டும்படி கேளுங்கள்.